நாப்லியோவின் நடுச்சதுக்கம்

கிரேக்க நாடு என்றவுடன் ஏதன்ஸ் மாநகரும், அதன் குன்றின்மேல் நிற்கும் பளிங்குக் கோயிலும் கற்றோர் நினைவில் எழுதல் இயல்பு. ஆயின், துருக்கியர் ஆட்சியினின்றும் விடுபட்டுப் புதுநாடாக எழுந்த கிரேக்கம் முதலில் ஏதன்ஸிலிருந்து ஆளப்படவில்லை என்பதைப் பலர் அறியார். அந்நாளில் ஏதன்ஸ் போரால் சிதைந்த சிற்றூராகவே கிடந்தது. 1829 முதல் 1834 வரை அப்புது நாட்டின் தலைநகராக விளங்கியது நாப்லியோ என்னும் கடற்கரை நகரமாகும்.

அந்நகரின் நடுவே பளிங்குக்கல் பாவிய சதுக்கம் ஒன்று உண்டு. அதனைச் சூழ்ந்து நிற்கும் பழங்கட்டடங்கள் சிலவே. ஆயினும், வெனிஸ் நகரத்தார், உதுமானியத் துருக்கியர், விடுதலைப் போர் வீரர், பவேரிய அரசர் ஆகிய அனைவரும் அங்கே தத்தம் சுவட்டைப் பதித்துச் சென்றுள்ளனர். அக்கட்டடங்களுள் ஒன்றில், சென்னை மாநகரத்திலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிவந்த ஒரு கல்வி முறையும் குடிபுகுந்தது. ஆகவே இச்சதுக்கத்தின் வரலாறு தமிழாசிரியர்க்கு முற்றிலும் அயலானது அன்று.

நகரின் இருப்பும் பெயரும்

கிரேக்க நாட்டின் தென்பகுதி பெலொப்பொனீஸ் எனப்படும் பெருந்தீபகற்பம். அதன் கிழக்குக் கரையில், ஆர்கோஸ் வளைகுடாவின் தலைப்பகுதியில் நாப்லியோ அமைந்துள்ளது. நகருக்குத் தெற்கே தாழ்ந்த பாறைக்குன்று ஒன்று. அதன்மேல் பழைய கோட்டை. கிழக்கே 216 மீட்டர் உயரமுள்ள பலமிதி என்னும் மலை. அதன்மேல் மற்றொரு கோட்டை. துறைமுகத்தின் முன்னே கடலிடையே சிறு தீவு. அத்தீவிலும் ஒரு கோட்டை. இம்மூன்றன் காவலுக்கு இடையே நகரம் ஒதுங்கிக் கிடக்கிறது. கடல்வழி வருவோரையும் தரைவழி வருவோரையும் ஒருங்கே தடுக்கக்கூடிய இடம் இது. இதனை விரும்பாத அரசு இல்லை. ஆகவே இதனை முற்றுகையிடாத அரசும் இல்லை எனலாம்.

பலமிதி மலையின் பெயரைப்பற்றி ஒரு பழங்கதை உண்டு. இந்நகரைத் தோற்றுவித்தவன் எனப் புராணம் கூறும் நாப்லியோஸ் என்பவனுடைய மகன் பலமீதிஸ். கிரேக்க எழுத்துகளுள் சிலவற்றை வகுத்தவன் அவனே என்றும், பகடை முதலிய விளையாட்டுகளைக் கண்டவன் அவனே என்றும் பண்டைக் கிரேக்கர் நம்பினர். டிராய்ப் போரின்போது, அவன்மேல் பகைகொண்ட ஒடிசியஸ் பொய்க்கடிதம் புனைந்து, பொன்னையும் அவன் கூடாரத்தில் புதைத்து வைத்து, அவனை இரண்டகன் எனக் குற்றஞ்சாட்டினான். எழுத்தை அறிந்த அப்பெருமகன் பொய்யெழுத்தாலே கல்லெறியுண்டு மாண்டான் என்பது கதை. இது கதையே ஆயினும் நினைவில் இருத்தத் தக்கது. இம்மலைக் கோட்டையிலேயே, பிற்காலத்தில் மற்றொரு வீரர் இரண்டகப் பழி சுமந்து சிறையிருந்தார். அவர் வரலாறு பின்னர் வரும்.

கை மாறிய நகரம்

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாப்லியோ வெனிஸ் குடியரசின் கைக்கு வந்தது. 1540இல் உதுமானியத் துருக்கியர் அதனைப் பெற்றனர். 1686இல் மொரொசினி என்னும் தளபதியின் தலைமையில் வெனிஸ் படை அதனை மீட்டது. இரண்டாம் முறை வந்த வெனிசியர் நகரை நிலையாகக் காக்கக் கருதி, 1711 முதல் 1714 வரை பலமிதி மலைமேல் பெருங்கோட்டை எழுப்பினர். கோட்டை முடிந்த மறு ஆண்டே, 1715இல், துருக்கியர் சில நாள் முற்றுகையில் அதனைக் கைப்பற்றினர். மதில் மட்டும் நகரைக் காவாது, மதிலில் நிற்க ஆளும் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

கிரேக்க விடுதலைப் போர் 1821இல் தொடங்கியது. 1822ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்டாய்க்கோப்புலோஸ் என்னும் வீரர் தலைமையில் கிரேக்கர் இரவில் பலமிதியில் ஏறிக் கோட்டையைப் பிடித்தனர். நகரம் பணிந்தது. அங்கு வாழ்ந்த முஸ்லிம் மக்கள் கப்பலேறி ஆசியக் கரைக்குச் சென்றனர். அவர்களுள் பலர் உயிர் தப்பிச் செல்வதற்கு, அப்போது துறைமுகம் வந்திருந்த கேம்பிரியன் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலின் தலைவர் ஹாமில்டன் உதவி செய்தார். தொழுவோர் அகன்றனர், தொழுத மசூதிகள் நின்றன. சதுக்கத்தின் புதுவரலாறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சிங்க முத்திரைப் பண்டகசாலை

சதுக்கத்தின் மேற்குப் பக்கம் முழுவதையும் அடைத்து நிற்பது மூன்றடுக்குக் கற்கட்டடம் ஒன்று. 1713இல், வெனிஸ் கடற்படைத் தலைவர் அகொஸ்டினோ சக்ரெதோ இதனைக் கட்டுவித்தார். கடற்படைக்கு வேண்டிய பொருள்களைச் சேமித்து வைக்கும் பண்டகசாலையாகவே இது எழுப்பப்பட்டது. கீழ்த்தளத்தின் முன்புறத்தில் வளைவுகள் வரிசையாக உள்ளன. முகப்பின்மேல் கல்வெட்டும், வெனிஸ் குடியரசின் சின்னமாகிய சிறகுடைய சிங்கமும் காணப்படும்.

கட்டடம் எழுந்து இரண்டாண்டில் வெனிஸ் ஆட்சி நீங்கிற்று. எனினும் பின்வந்தோர் அதனை இடிக்கவில்லை. சிங்கத்தையும் பெயர்த்து எறியவில்லை. தடித்த சுவரும் அகன்ற தளங்களும் உடைய கட்டடம் எவ்வரசுக்கும் பயன்படுவதே. ஆகவே அது படைவீடாக நின்று நிலைத்தது. 20ஆம் நூற்றாண்டில் தொல்பொருட் காட்சிச்சாலையாக மாறியது.

இன்று அங்குள்ள பொருள்களுள் தலையாயது ஒரு வெண்கலக் கவசம். 1960இல் நாப்லியோவுக்கு அண்மையிலுள்ள தெந்திரா என்னும் ஊரில், பண்டைக் கல்லறை ஒன்றில் அது கிடைத்தது. கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கழுத்து முதல் தொடை வரை உடலை மூடும் வெண்கலத் தகடுகளும், காட்டுப்பன்றியின் கொம்பை வரிசையாகத் தைத்த தலைச்சீராவும் அதில் அடங்கும். கப்பற்கயிறும் பாயும் வைப்பதற்காக வெனிசியர் கட்டிய இடம், அவர்களினும் மூவாயிரம் ஆண்டு மூத்த வீரனின் உடைமைக்குக் காப்பிடமாயிற்று.

பழைய மசூதி

பண்டகசாலைக்கு எதிரே, சதுக்கத்தின் கிழக்குப் பக்கத்தில் பழைய மசூதி உள்ளது. நகரில் எஞ்சியுள்ள துருக்கியர் கட்டடங்களுள் இதுவே மூத்தது என்பர். முதல் துருக்கியர் ஆட்சிக்காலத்தில் எழுந்தது. சதுரமான ஒரே கூடம். அதன்மேல் ஒரே கவிகை மாடம். முன்னே வளைவுகளோடு கூடிய தாழ்வாரம். இவ்வளவே அதன் அமைப்பு.

1686க்குப்பின் வெனிசியர் இதனைப் புனித அந்தோணியார் பெயரில் கத்தோலிக்கத் தேவாலயமாக்கினர். 1715க்குப்பின் மீண்டும் தொழுகை ஒலித்தது. விடுதலைக்குப்பின் பள்ளிக்கூடமாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் திரைப்படக் கொட்டகையாகி, திரியனோன் என்னும் பெயர் பெற்றது. அப்பெயரே இன்றும் வழங்குகிறது. கொட்டகைக் காலமும் கழிந்தபின், நகராட்சியின் நாடக அரங்காக அது திகழலாயிற்று.

ஒரே கட்டடம் இத்தனை பணிகளை ஏற்றதன் காரணம் யாது? அதன் அமைப்பே காரணம். நடுவில் தூண் இல்லாத கூடம் அது. கவிகை மாடத்தின் சுமையைச் சுற்றுச்சுவர்களே தாங்குவதால், உள்ளே நிற்போர் அனைவரும் ஒருவரையொருவர் காணலாம். ஒருவர் பேச்சை அனைவரும் கேட்கலாம். ஒருவர் பேசப் பலர் கேட்கும் பணி எதுவாயினும் அக்கூடத்திற்கு ஒத்துவரும். இவற்றுள் பள்ளிப் பணி தனியே விரித்துரைக்கத் தக்கது.

மணலில் எழுதிய மாணாக்கர்

விடுதலை பெற்ற கிரேக்கத்தின் முதல் ஆட்சித்தலைவர் யோவான்னிஸ் கப்போதிஸ்திரியாஸ். ரஷ்யப் பேரரசின் வெளியுறவு அமைச்சராக முன்னர்ப் பணிபுரிந்த அவர், 1828இல் கிரேக்கம் வந்து பொறுப்பேற்றார். நாட்டில் பணமில்லை, ஆசிரியர் இல்லை, தாளும் நூலும் அரிய பொருள்கள். போரில் பெற்றோரை இழந்த சிறுவர் எங்கும் திரிந்தனர். இந்நிலையில் பல பிள்ளைகளுக்குச் சிறுசெலவில் எழுத்தறிவிக்கும் முறை ஒன்று தேவைப்பட்டது. மாணாக்கரே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையை அரசு மேற்கொண்டது. நாப்லியோவின் பழைய மசூதியில் அம்முறைப் பள்ளி நடைபெற்றது.

அம்முறையின் ஊற்றுக்கண் தமிழ்நாட்டில் உள்ளது. ஆண்டுரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல், எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென அமைந்த விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் அவர் குதிரைமீது செல்லும்போது, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றார். அங்கிருந்த ஆசிரியர் அதனை விரும்பவில்லை. ஆகவே, எட்டு வயதுடைய ஜான் பிரிஸ்கன் என்னும் மாணவனைக் கொண்டே தொடக்க வகுப்பாருக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கச் செய்தார். முயற்சி வெற்றி பெற்றது. பின்னர்ப் பள்ளி முழுவதிலும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார்.

திண்ணைப் பள்ளியைக் கண்டவர்க்கு இதில் புதுமை தோன்றாது. ஆசிரியர்க்குத் துணையாக இளையோரின் பாடத்தைக் கேட்கும் சட்டாம்பிள்ளை தமிழருக்குப் பழக்கமானவனே. மணலெழுத்தும் அவ்வாறே. பெல் செய்த புதுமை, இவற்றை ஒழுங்குபடுத்தி ஒரு முறையாக வகுத்ததும், 1797இல் நூலாக எழுதி இலண்டனில் வெளியிட்டதும் ஆகும். அம்முறைக்குச் சென்னை முறை என்றே பெயர் வழங்கியது. 1798இல் இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் தாமும் இத்தகைய முறையை வளர்த்தார். மணலில் எழுதும் வழக்கத்தைப் பெல்லிடமிருந்து எடுத்துக்கொண்டார். இலண்டனிலிருந்து அம்முறை பாரிசுக்குச் சென்றது. பாரிசில் அதனைப் பயின்ற கிரேக்க அறிஞர் தம் மக்களிடம் கொண்டுவந்தனர். 1830இல், பிரெஞ்சு மொழியிலிருந்த வழிகாட்டி நூல் ஒன்றைக் கொக்கோனிஸ் என்பவர் கிரேக்கத்தில் ஆக்கித் தந்தார்.

இம்முறைப் பள்ளிக்குப் பல அறைகள் வேண்டா. பெரிய கூடம் ஒன்றே போதும். பலகைகள் வரிசை வரிசையாக இடப்படும். முதல் வரிசையில் மணல் பரப்பிய பலகை. புதிதாக வந்த பிள்ளைகள் அதில் விரலால் எழுதுவர். எழுத்துக் கைவந்தோர் பின்வரிசைக்குச் சென்று கற்பலகையில் எழுதுவர். வாசிப்பு நேரத்தில் பிள்ளைகள் எழுந்து, சுவரோரம் அரைவட்டமாக நிற்பர். சுவரில் தொங்கும் எழுத்தட்டையைச் சட்டாம்பிள்ளை கோலால் சுட்டுவான், மற்றவர் படிப்பர். ஆசிரியர் ஒருவர், உயர்ந்த மேடையிலிருந்து அனைவரையும் நோக்குவார். தூணற்ற மசூதிக் கூடம் இத்தகைய பள்ளிக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதை ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

இம்முறையில் குறை இல்லாமல் இல்லை. சட்டாம்பிள்ளை தான் அறிந்ததையே பிறர்க்கு உரைப்பான். கேள்வி எழுந்தால் விடை கூற மாட்டான். பாடம் மனப்பாடமாகவே நின்றுவிடும். இக்குறை உணரப்பட்டு, 1880இல் கிரேக்க அரசு இம்முறையைக் கைவிட்டது. எனினும் ஆசிரியரே கிடைக்காத காலத்தில் ஒரு தலைமுறைக்குமேல் கிரேக்கச் சிறுவர்க்கு எழுத்தறிவித்த பெருமை அதற்கு உண்டு. சென்னைக்கு அருகே பெயர் தெரியாத ஓர் ஆசிரியர் பரப்பிய மணல், அரை நூற்றாண்டுக்குள் மத்தியதரைக் கடற்கரையின் பள்ளிக்கூடத்தை எட்டியது.

மசூதியில் கூடிய மன்றம்

பண்டகசாலைக்குப் பின்புறம், சதுக்கத்திலிருந்து சில அடி தொலைவில் மற்றொரு மசூதி நிற்கிறது. செதுக்கிய சாம்பல்நிறக் கற்களால் 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. பெரிய கவிகை மாடம் உடையது. தம் தந்தை மறைத்து வைத்த பொருளைத் தேடிவந்த வெனிஸ் இளைஞர் இருவரைக் கொன்ற துருக்கிய அதிகாரி ஒருவன், பின்னர் மனம் வருந்திக் கழுவாயாக இதனைக் கட்டினான் என்று செவிவழிக் கதை கூறும்.

விடுதலைப் போர் நடக்கும்போதே கிரேக்கர் சட்டமன்றம் அமைத்திருந்தனர். அம்மன்றம் கூடுவதற்குத் தக்க இடம் நகரில் வேறு இல்லை. வல்லியானோஸ் என்னும் கட்டடக்கலைஞர் இம்மசூதியைச் செப்பனிட்டார். 1825ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் முதல் 1826ஆம் ஆண்டின் இளவேனில் வரை சட்டமன்றம் இங்குக் கூடியது. வெளியே போர், உள்ளே சொற்போர். வேறுவேறு தீவுகளிலும் மலைநாடுகளிலும் இருந்து வந்தவர்கள், ஒருவர்மேல் ஒருவர் ஐயம் கொண்டவர்கள், ஒரு மாடத்தின்கீழ் அமர்ந்து சட்டம் பேசப் பழகினர். மன்றம் அங்குக் கூடியது சில திங்களே ஆயினும், அக்கட்டடத்திற்குச் சட்டமன்றம் என்று பொருள்படும் வுலெப்திகோ என்னும் பெயரே நிலைத்துவிட்டது. இன்று கூட்டங்களும் இசை நிகழ்ச்சிகளும் அங்கு நடைபெறுகின்றன.

இரு நீதிபதிகள்

கப்போதிஸ்திரியாஸ் நெடுநாள் ஆளவில்லை. 1831 அக்டோபர் 9ஆம் நாள் (கிரேக்கர் அந்நாளில் கையாண்ட பழைய நாட்காட்டிப்படி செப்டம்பர் 27), புனித ஸ்பிரிடோன் தேவாலய வாயிலில் அவர் கொலையுண்டார். சதுக்கத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே அத்தேவாலயம் உள்ளது. 1833இல் பவேரிய இளவரசர் ஒட்டோ, ஐரோப்பிய வல்லரசுகளின் தெரிவால், 17 வயதில் மன்னராக நாப்லியோவில் வந்திறங்கினார். அவர் உரிய வயதை எட்டும்வரை பவேரியப் பேராளர் குழு ஆட்சி நடத்தியது.

விடுதலைப் போரின் பெருந்தளபதி தியொதொரோஸ் கொலொகொத்ரோனிஸ் அக்குழுவுக்கு அடங்கி நடப்பவர் அல்லர். 1833இல் அவரைச் சிறைப்படுத்தினர். மறு ஆண்டில், அரசுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்தார் என்று அவர்மேலும் அவருடைய தோழர் பிளப்புத்தாஸ் மேலும் வழக்குத் தொடுத்தனர். நகரின் மசூதிக் கட்டடம் ஒன்றே நீதிமன்றமாயிற்று. நீதிபதிகள் ஐவர். மூவர் மரண தண்டனை என்றனர். தலைமை நீதிபதி பொலிசொயிதிஸ், தெர்ட்செத்திஸ் ஆகிய இருவரும் சான்று போதாது என்று கூறித் தீர்ப்பில் கையெழுத்திட மறுத்தனர்.

நீதி அமைச்சர் நேரில் வந்து வற்புறுத்தினார். இருவரும் இணங்கவில்லை. படைவீரர்கள் அவர்களைப் பிடித்து இழுத்து வந்து நீதிபதி இருக்கையில் அமர்த்தினர். அப்போதும் அவர்கள் கையெழுத்திடவில்லை. தீர்ப்புப் படிக்கப்பட்டது, ஆயின் மக்கள் மனத்தில் அது நிற்கவில்லை. மரண தண்டனை இருபதாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. கொலொகொத்ரோனிஸ் பலமிதிக் கோட்டையில் அடைக்கப்பட்டார். பொய்ப்பழியால் மாண்ட பலமீதிஸின் பெயர்கொண்ட மலையில், 64 வயது வீரர் இரண்டகப் பழியோடு சிறையிருந்தார். 1835இல் ஒட்டோ உரிய வயதை எட்டி ஆட்சியை ஏற்றபோது அவரை விடுவித்தார். கையெழுத்திட மறுத்த நீதிபதிகள் இருவர்மேலும் வழக்கு நடந்தது. அவர்களும் விடுதலை பெற்றனர்.

இக்கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. கொலொகொத்ரோனிஸ் கல்வி மிகுதியாகப் பெற்றவர் அல்லர். முதுமையில் தம் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லச் சொல்ல, ஒருவர் இருந்து எழுதினார். அவ்வாறு எழுதியவர் நீதிபதி தெர்ட்செத்திஸே ஆவார். ஒரு தாளில் எழுத மறுத்த கை மற்றொரு தாளில் விரும்பி எழுதியது. கிரேக்க விடுதலைப் போர் பற்றிய முதன்மைச் சான்று நூல்களுள் அதுவும் ஒன்று.

பெயர் மாறிய சதுக்கம்

சதுக்கத்தின் பெயரும் ஒன்றாக இருந்ததில்லை. அங்கு நின்ற பெருநிழல் மரம் ஒன்றன் பெயரால் மக்கள் அதனைப் பிளாத்தனோஸ் சதுக்கம் என்றனர். ஒட்டோ மன்னர் காலத்தில் அவர் தந்தையாகிய பவேரிய மன்னர் லூத்விக்கின் பெயர் சூட்டப்பட்டது. 1834இன் இறுதியில் தலைநகரம் ஏதன்ஸுக்கு மாறியது. 1843இல் ஏதன்ஸில் மக்களும் படையும் திரண்டு மன்னரிடம் அரசியலமைப்புக் கேட்டனர். 1844இல் அது நிறைவேறியது. அந்நிகழ்ச்சிக்குப்பின் நாப்லியோவின் சதுக்கம் சிந்தக்மா, அதாவது அரசியலமைப்புச் சதுக்கம், எனப் பெயர் பெற்றது. மரத்தின் பெயர் முதலில். மன்னர் பெயர் அடுத்து. சட்டத்தின் பெயர் இறுதியில். ஒரு நாட்டு மக்களின் அரசியல் வளர்ச்சியை இப்பெயர் வரிசை ஒன்றே காட்டிவிடும்.

1930களில் தேசிய வங்கியின் கட்டடம் இங்கு எழுந்தது. அதனைக் கட்டியோர் வெனிசியரையோ துருக்கியரையோ பின்பற்றவில்லை. அண்மையிலுள்ள மைசீனி நகரின் பண்டை அரண்மனைகளை எண்ணி, மேலே பருத்துக் கீழே சிறுத்த தூண்களை அமைத்தனர். நூறாண்டு கடந்த புதுநாடு தன் மூதாதையரைத் தேடி மூவாயிரம் ஆண்டுக்கு அப்பால் சென்றதை அத்தூண்கள் உணர்த்துகின்றன.

கட்டடத்தைப் படிக்கும் முறை

நாப்லியோவின் சதுக்கம் பரப்பால் சிறிது. எனினும் அங்கு வந்த ஒவ்வோர் அரசும் முன்னையோர் கட்டியதை இடித்துத் தள்ளாமல், வேறு பணிக்கு வைத்துக்கொண்டது. இது பெருந்தன்மையால் மட்டும் நிகழ்ந்ததன்று; வறுமையாலும் நிகழ்ந்தது. புதிதாகக் கட்டப் பொருள் இல்லாதோர் இருந்ததைச் செப்பனிட்டனர். அந்த வறுமையே வரலாற்றைக் காத்தது. அழிந்தனவும் உண்டு. இரு மசூதிகளிலும் தொழுகைக்கு அழைக்கும் கோபுரம் இன்று இல்லை. அங்குத் தொழுதவர்களின் வழித்தோன்றலும் அந்நகரில் இல்லை. இருப்பதைக் காண்போர் இல்லாததையும் எண்ணுதல் வேண்டும்.

பழங்கட்டடம் எந்த ஊரில் இருப்பினும், மாணாக்கர் அதன்முன் நின்று கேட்கத்தக்க வினாக்கள் நான்கு: இதனைக் கட்டியவர் யார்? எப்பணிக்குக் கட்டினர்? பின்வந்தோர் எப்பணிக்கு ஆக்கினர்? இங்கிருந்து அகன்றவர் யார்? இந்நான்கையும் கேட்கப் பழகிய மாணாக்கனுக்கு வரலாறு ஆண்டுகளின் அட்டவணையாகத் தோன்றாது. நாப்லியோவின் மசூதிக் கூடத்தில் மணற்பலகையின்முன் அமர்ந்த சிறுவன், தன் விரல் எழுதிய எழுத்து எந்நாட்டு மணலிலிருந்து வந்த வழக்கம் என்பதை அறிந்திருக்க மாட்டான். அதனை அறியும் வாய்ப்பு இன்றைய மாணாக்கனுக்கு உண்டு. அறிவிக்கும் கடமை ஆசிரியனுக்கு உண்டு.